வெறும் வயிற்றில் ஒரு காப்பி

வலது குதிகாலில் புதுச் செருப்பு கடித்தது. அவ்வளவுதான் ஆரம்பம்.

தோல் உரிந்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புண். யாருக்கும் வருவதுதான். களிம்பு தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, பழைய செருப்புக்கு மாறிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் புண் அப்படியே இருந்தது. இன்னொரு வாரம் போயிற்று. ஈரம் காயவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

என் அம்மாவுக்கும் காலில்தான் தொடங்கியது. கட்டைவிரலில் ஒரு சின்னக் கொப்புளம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும். கடைசியில் சிறுநீரகம் போயிற்று. டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை எந்திரத்தால் செய்வது) அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் அக்காவும் மாறி மாறி உட்கார்ந்திருப்போம். அறுபது வயதைக்கூட அம்மா பார்க்கவில்லை. 'சுகர்' என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் இன்றும் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. "அது இருக்கா?" என்றுதான் கேட்போம். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எங்களுக்கு வெந்துவிடும்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்து நான்கு. பிறந்தது பாளையங்கோட்டை, இருப்பது டெக்சாஸில் இர்விங். கணவர் எட்வினும் நானும் மென்பொருள் வேலை. ஒரே மகள் ரீனா, எட்டாம் வகுப்பு. நான் மருத்துவர் இல்லை. காலையில் எழுந்ததும் கை தானாகக் காப்பி டம்ளரைத் தேடுகிற பெண்களில் ஒருத்தி. என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். என் பேச்சைக் கேட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

எங்கள் குடும்ப மருத்துவர் குஜராத்திப் பெண்மணி, நிதானமானவர். புண்ணைப் பார்த்தார், பிறகு என் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே தோல் கறுத்துத் தடித்திருந்தது. செயின் உரசியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கறுப்பு.

"கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது. ரீனா பிறந்ததும் போய்விட்டது. போனது திரும்பி வரும், பெண்களுக்கு அப்படி வருவது அதிகம் என்று அப்போதே ஒரு செவிலி சொன்னது லேசாக நினைவிருக்கிறது. கைக்குழந்தையோடு யார் அதையெல்லாம் நினைத்தார்கள்? மாதவிடாய் தாறுமாறாவதும், சாப்பாடு கூடாமலேயே இடுப்பு பெருத்துக்கொண்டு போவதும், மத்தியானம் ஆனால் கண்ணைச் சுழற்றுவதும், எல்லாம் நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வருவது என்று விட்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சுரந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போவது) முற்றி, சர்க்கரை நோயாகிவிட்டது. மூன்று மாதச் சராசரி மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த அளவுதான் மிக அதிகம் என்றார் மருத்துவர். அதுதான் தனக்குப் புரியவில்லை என்றும் சொன்னார்.

"காலையில் எதுவும் சாப்பிடாமல்தானே வந்தீர்கள்?"

"ஆமாம் டாக்டர். ஒரு வாய் சாப்பிடவில்லை."

மெட்ஃபார்மின் (இந்த நோய்க்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மாத்திரை) எழுதிக்கொடுத்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்றும் வந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, எண்ணைச் செயலியில் ஏற்றச் சொன்னார். காரில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகை நின்றதும் பாளையங்கோட்டைக்கு, அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, அழாத," என்றாள் அக்கா. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். "மொதல்ல அந்தச் சீனியத் தூரப் போடு. சீனிதான் வெசம். காப்பிக்குக் கருப்பட்டி போட்டுக்கோ. அது ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது. அம்மா மட்டும் அன்னைக்கே கருப்பட்டிக்கு மாறியிருந்தாள்னா இன்னைக்கு இருந்திருப்பா."

வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இர்விங்கில் இந்தியக் கடையில் உடன்குடிக் கருப்பட்டியே கிடைக்கிறது. அன்று மாலையே வாங்கி வந்தேன். வீட்டிலிருந்த சீனி முழுவதையும் குப்பையில் கொட்டினேன். எட்வின் தன் டீக்குச் சீனி தேடி, குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டு, சீனி இல்லாமலே குடித்தார்.

அதன்பிறகு என் காலைப் பொழுது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எழுந்ததும் டிகாஷன், பால், தட்டிய கருப்பட்டி. பெரிய டம்ளர். அடுப்படியில் நின்றபடியே குடிப்பேன். அந்தக் காப்பி உள்ளே போனால்தான் எனக்குக் கண் திறக்கும். பிறகு ரீனாவுக்கு டப்பா, எட்வினுக்குத் தோசை. அவர்கள் கிளம்பியதும் மேசையில் உட்கார்ந்து விரலைக் குத்துவேன். எண் வரும்.

எண் இறங்கவே இல்லை. சோற்றைக் குறைத்தேன். ராத்திரி சப்பாத்திக்கு மாறினேன். லாஸ் கொலினாஸில் இருக்கும் என் அலுவலகத்தைச் சுற்றி மத்தியான வெயிலில் நடந்தேன். காலையில் எண் அதே உயரத்தில் நின்றது, சில நாள் இன்னும் ஏறியது. மருத்துவர் செயலியில் பார்த்துவிட்டு இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். கணையத்தைத் தூண்டி இன்சுலினை வலுக்கட்டாயமாகச் சுரக்க வைக்கும் மாத்திரை. காலையில் உணவோடு போட வேண்டும் என்றார். பிறகு அதன் அளவையும் கூட்டினார்.

பயம் என்னை என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தில் கால்விரல் இடுக்குகளைத் தினமும் தேடினேன். கால் மரத்துப்போனால் அலறினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்ததால் மரத்திருக்கும். ரீனாவின் பட்டமளிப்பில் நான் சக்கர நாற்காலியில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன், பிறகு அதுவரை இருப்பேனா என்று நினைப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை.

இணையத்தில் காப்பியைப் பற்றித் தேடினேன். காப்பி குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவு என்றது ஒரு பக்கம். காப்பி சர்க்கரையை ஏற்றும் என்றது இன்னொன்று. பெண்களுக்கு ஒரு மாதிரி, மாதவிடாய் நிற்கும் வயதில் வேறு மாதிரி என்றது மூன்றாவது. பயந்தவள் எதை நம்புவாள்? கெட்டதைத்தான். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், மிச்சமிருப்பது காப்பி ஒன்றுதான் என்று முடிவுக்கு வந்தேன்.

தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்) வந்தது. எங்கள் சபையில் தவக்காலத்தில் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். ஒறுத்தல் என்போம். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாடு. நான் ஆண்டவரிடம் பேரம் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காப்பியை விட்டுவிடுகிறேன், என் காலை விட்டுவிடும் என்று வேண்டிக்கொண்டேன்.

எட்வினிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "நீ காப்பி இல்லாம நாப்பது நாளா? அது உனக்கு ஒறுத்தல் இல்ல ஸ்டெல்லா, கூட இருக்குற எனக்கும் ரீனாவுக்கும்தான்."

"போங்க, கிண்டல் பண்ணாதீங்க. நான் சீரியஸா சொல்றேன்."

"சரி சரி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

காப்பியை நிறுத்துவதற்கு எதற்கு டாக்டர்? கேட்கவில்லை.

சாம்பல் புதன் காலை அடுப்படிக்கே போகாமல் நேராக மேசையில் உட்கார்ந்து விரலைக் குத்தினேன். வந்த எண்ணை நம்ப முடியாமல் இன்னொரு விரலில் குத்தினேன். அதே எண். நோய் இல்லாதவர்களுக்கு இருக்கும் அளவைவிடச் சற்றுத்தான் கூட. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முதல் நாளே கேட்டுவிட்டீரே ஆண்டவரே என்றேன். எமன் இத்தனை நாளாக டம்ளரில்தான் இருந்திருக்கிறான் என்று நினைத்தேன். நன்றியோடு இரண்டு மாத்திரைகளையும் வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தேன். அன்றைக்கு ஒருசந்தி, சாப்பாடு சாயங்காலப் பூசைக்குப் பிறகுதான்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பத்து மணிக்கு மேல் தலை வலித்தது. காப்பி நிறுத்தினால் தலை வலிக்கும், இது ஊருக்கே தெரிந்தது. மத்தியானம் கை நடுங்கியது, கழுத்தில் வியர்த்தது. அக்காவுக்குச் சொன்னேன்.

"காப்பிய விட்டா அப்படித்தான் கெடந்து ஆட்டும்," என்றாள். "மூணு நாளுல சரியாயிரும். பல்லக் கடிச்சிட்டுக் கெட."

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அலுவலகக் கூட்டத்தில் ஒரு பையன் சாதாரணமாக ஏதோ கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன். அதையும் காப்பியின் கணக்கிலேயே எழுதினேன். மீட்டர் மேசையில் என் பக்கத்தில்தான் இருந்தது. காலையில் பார்த்தாயிற்றே, நல்ல எண் வந்ததே, மறுபடி எதற்கு என்று தொடவில்லை. சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயம் மட்டுமே எனக்கு இருந்தது. இறங்கினாலும் ஆள் போய்விடும் என்பது தெரியும், ஆனால் அது வேறு யாருக்கோ நடப்பது.

சாயங்காலம் ரீனாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, சாம்பல் பூசிக்கொள்ளக் கோயிலுக்குக் கிளம்பினேன். ஃப்ரீவேயில் கார்கள் நகர்ந்துகொண்டிருந்தன. ரீனா பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக் கதை ஏதோ சொன்னாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. வார்த்தைகள் காதில் விழுந்தன, ஆனால் என்ன பாஷை என்று தெரியவில்லை. தினமும் ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் எக்சிட். அதன் பெயர்ப்பலகையைப் படித்தேன், மறுபடி படித்தேன், எழுத்து எழுத்தாக நின்றது.

"அம்மா, யூ ஆர் ட்ரிஃப்டிங். அம்மா! லேன்!"

"சும்மா இரு," என்றேன். அதைச் சொன்னது நினைவிருக்கிறது. என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்ததும் நினைவிருக்கிறது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

மீதியை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கார் தடம் விலகிப் போய், எக்சிட்டில் இறங்கும்போது என் தலை சாய்ந்திருக்கிறது. ரீனா ஸ்டியரிங்கைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்திருக்கிறாள். பக்கச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரீனாதான் அவசர எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னதும் அவள்தான். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் வேறெதையாவது தேடியிருப்பார்கள்.

கண் விழித்தபோது நாக்கில் தித்திப்பு. கையில் ஊசி. நெற்றியில் சாம்பல் பூசிய ஒரு செவிலி குனிந்து என் பெயரைக் கேட்டாள். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் இன்றைக்கு ஊரில் பாதிப்பேர் நெற்றியில் சாம்பலோடு அலைவார்கள் என்று உறைத்தது. "என் மகள் எங்கே?" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வந்த பயம், புண்ணைப் பார்த்த நாளில்கூட வந்ததில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். சீட் பெல்ட் இழுத்ததில் கழுத்திலிருந்து தோள்வரை ரத்தம் கட்டியிருந்தது. வலது மணிக்கட்டில் கட்டு. எலும்பு முறியவில்லை, சுளுக்கு என்றார்கள். என்னைப் பார்த்தாள், அழவில்லை. எட்வின் அலுவலகத்துக்கு அருகில் மத்தியானப் பூசை பார்த்திருந்தார், அவர் நெற்றியிலும் சாம்பல். வந்தவர் யார் பக்கம் முதலில் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். நான் ரீனா பக்கம் கையைக் காட்டினேன்.

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது). வந்த எண்ணை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்போ மயக்க நிலையோ வந்திருக்கும் என்றார்கள். அந்த இரண்டாவது மாத்திரை உடம்பில் நீண்ட நேரம் வேலை செய்யும் என்பதால் அங்கேயே தங்க வைத்து, திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தார்கள்.

காரணம் கண்டுபிடித்தது பிறகு பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். மதுரைக்காரப் பெண், என்னைவிட இளையவர். என் எண்களையெல்லாம் திரையில் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"ஸ்டெல்லா, காலைல எழுந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"பல்லு விளக்குவேன். காப்பி குடிப்பேன். அவங்கள அனுப்புவேன். அப்புறம் உக்காந்து குத்திப் பாப்பேன்."

"காப்பி குடிச்சிட்டா?"

"ஆமா. வெறும் காப்பிதான் டாக்டர். ஒண்ணும் சாப்பிட மாட்டேன்."

"வெறும் காப்பின்னா, பால்?"

"பால் உண்டு. ஆனா சீனி கிடையாது, கருப்பட்டிதான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "லேபுக்கு ரத்தம் குடுக்கப் போனப்பவும்?"

அப்போதும்தான். அன்றைக்குச் சீனி போட்ட காப்பி.

எங்கள் வீட்டில் காப்பி என்றைக்கும் சாப்பாட்டில் சேர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நன்மை (பூசையில் பெறும் திருவிருந்து) வாங்குவதற்கு முன் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாக இருப்பாள். ஆனால் கிளம்புமுன் எல்லாருக்கும் காப்பி உண்டு. ஒருசந்தி நாளில் பகல் முழுக்கப் பட்டினி கிடப்போம், காப்பி மட்டும் வந்துகொண்டே இருக்கும். காப்பி தண்ணீர் மாதிரி, அது ஒருசந்தியை முறிக்காது. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்டதும் இல்லை. வெறும் வயிறு என்று மருத்துவர் சொன்னபோது நான் புரிந்துகொண்டது இந்த வெறும் வயிற்றைத்தான்.

"நீங்க குடிக்கறது ஒரு சின்ன டிபன்," என்றார் மருத்துவர். "கருப்பட்டியும் ரத்தத்துல சர்க்கரையாத்தான் போகும். அந்த டிபனுக்கு அப்புறம் உள்ள நம்பரத்தான் நீங்க வெறும் வயித்து நம்பர்னு அனுப்பியிருக்கீங்க. அதப் பாத்து மாத்திரையக் கூட்டிட்டே போயிருக்காங்க. அன்னைக்குக் காப்பியும் இல்ல, சாப்பாடும் இல்ல. மாத்திரை மட்டும் முழு டோஸ்."

"அப்போ காலைல நல்ல நம்பர் வந்துச்சே..."

"அதுதான் உங்க உண்மையான நம்பர். ரொம்ப நாளா அதுதான் இருந்திருக்கும். உங்களுக்கு ரெண்டாவது மாத்திரையே வேண்டியிருந்திருக்காது."

எதிரே சுவரில் கணையத்தின் படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து பயந்து ஒவ்வொன்றாகச் செய்து, என் மகளை நானே அந்தச் சாலையோரச் சுவர்வரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று மற்றவர்களுக்கு நடந்தால் சொல்லிச் சிரிக்கலாம்.

"தலை வலிச்சுது, கை நடுங்குச்சு," என்றேன். "காப்பி நிறுத்துனதாலன்னு நினைச்சேன்."

"ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். குத்திப் பாத்தாத்தான் தெரியும். காப்பி மேல பழி போடாதீங்க. என்கிட்ட வர்ற நம்ம பொம்பளைங்க நிறையப் பேரு இப்படித்தான். காலைல எல்லாருக்கும் கட்டிக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே ஒரு காப்பி. அத சாப்பாடுன்னு எண்ணவும் மாட்டாங்க, அதக் குடிச்சதுல பசி அடங்கிட்டதால வேற சாப்பிடவும் மாட்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தட்டு சோறு. சர்க்கரை ஏறாம என்ன செய்யும்?"

அந்த மத்தியானத் தட்டை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இருந்தும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது மாத்திரையை அவர் நிறுத்தினார். காலையில் எழுந்ததும் முதலில் விரல், பிறகு உட்கார்ந்து டிபன், அதற்குப் பிறகு வேண்டுமானால் காப்பி, இனிப்பு எதுவும் சேர்க்காமல். காப்பிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கமில்லை. முதல் வாரம் இட்லி தொண்டையில் இறங்கவில்லை. அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம ஊரு கருப்பட்டியவா குத்தம் சொல்லுதா அந்த டாக்டரு?" என்று கோபப்பட்டாள். பிறகு குரல் இறங்கியது. "நானுந்தான் தெனமும் குடிச்சிட்டுப் பாக்குதேன், ஏட்டி." அவளும் இரண்டு மாத்திரை போடுகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. அன்றே டாக்டரிடம் போகச் சொல்லி, போனாளா என்று கேட்டு, போகும்வரை விடாமல் போன் செய்தேன்.

குதிகால் புண் ஆறியது. இப்போது அங்கே வெளிறிய ஒரு தழும்பு மட்டும் உண்டு. எண்கள் கட்டுக்குள் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் இளைத்துவிட்டாய், முகம் தெளிந்துவிட்டது என்கிறார்கள். பயம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றே சொல்வேன். முன்பு ஒரு பயம்தான் இருந்தது. இப்போது இரண்டு. மேலே போனால் என் கால், கீழே போனால் என் பிள்ளை.

உடம்பைப் பற்றி முன்னெல்லாம் நினைத்ததே இல்லை. அது பாட்டுக்கு இருந்தது, நான் என் பாட்டுக்கு வேலை பார்த்தேன். இப்போது கூட்டத்தில் பேசும்போதும், காய் நறுக்கும்போதும், உள்ளே ஒரு காது கேட்டுக்கொண்டே இருக்கிறது. இது வேர்வையா, வெயிலா? இது கோபமா, இறக்கமா? எனக்கு நியாயமாக வருகிற கோபத்தைக்கூட இப்போது குத்திப் பார்த்துவிட்டுத்தான் காட்டுகிறேன். நாள் என்பது காலை, மாலை என்று இல்லை. சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, அடுத்து எப்போது, அவ்வளவுதான் என் கடிகாரம்.

வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் அனுமதித்து வெகு நாளாகியும் ரீனா என் காரில் ஏறவில்லை. ஏறமாட்டேன் என்று அவள் சொல்லவும் இல்லை. தோழியின் அம்மா கூட்டிப்போகிறார் என்பாள், அப்பா வரட்டும் என்பாள், பள்ளிப் பேருந்தே போதும் என்பாள். அவள் தோளிலிருந்த ரத்தக்கட்டு மறைந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் எட்வின் வேலையாக ஹூஸ்டன் போயிருந்தார். ரீனாவுக்கு வாலிபால் போட்டி. தோழிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லை. கார் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசுகிறவள். தமிழில் கேட்டாள்.

"ஆச்சுடா."

"என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு தோசை, ஒரு முட்டை. குத்தியும் பாத்துட்டேன். இந்தா." மீட்டரைக் காட்டினேன். வாங்கி, எண்ணைப் பார்த்தாள். நேரத்தையும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு பின்கதவைத் திறந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். முன் சீட் காலியாக இருந்தது. வண்டியை எடுத்தேன். ஃப்ரீவேயில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவள் கைப்பேசியையும் பார்க்கவில்லை, சாலையையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த என் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.